மடத்து மதிலும் சமுதாயமும்: தியான வாழ்வுத் துறவுப் பெண்களின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கு

1

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்கள் அனைவருக்கும் நாள் ஒரே வகையாக விடிவதில்லை. தோணித் தொழிலாளிக்குக் காற்றும் நீரோட்டமுமே நேரத்தைக் கூறுவன. 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை அத்தளத்திற் கூலிக்கு உழைத்தவனுடைய நாள், மணிக்கணக்காக வாங்கப்பட்ட நாள். வீட்டிலிருந்த பெண்ணின் நாளோ இவ்விரண்டுக்கும் ஏற்ப வளைந்து கொடுத்தது. கடலிலிருந்து தோணி திரும்பும் நேரமும் தளத்து வாயில் திறக்கும் நேரமுமே அவளது அடுப்பு எரியும் நேரத்தைத் தீர்மானித்தன. ஒருவருடைய நேரம் யாருக்கு உரியது என்ற வினா, உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவேயாகும்.

இத்தகைய துறைமுகச் சூழலில் இருந்துகொண்டு, கணவனுக்கோ முதலாளிக்கோ உரித்தாகாத நேரத்தையுடைய பெண்கள் சிலரின் வாழ்க்கையை நோக்குவது பயனுடையதாகும். கத்தோலிக்கத் திருச்சபையில் அடைபட்ட மடங்களில் வாழும் தியான வாழ்வுத் துறவியரையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். அவர்கள் ஒரு முறை மடத்தினுட் புகுந்தபின் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. கற்பிப்பதில்லை, நோயாளரைப் பராமரிப்பதில்லை. செபம், மௌனம், கைவேலை ஆகிய மூன்றினாலும் அவர்களது நாள் நிரம்புகின்றது.

முற்போக்கு வட்டாரங்களில் இப்பொருள் எழும்போது பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'இஃது உலகிலிருந்து ஓடியொளிதல்' என்பதாகும். பக்தர்கள் தரும் விடை, 'இஃது உலகிற்கு அப்பாற்பட்ட வாழ்வு' என்பதாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இவை ஒன்றற்கொன்று முரணானவை. எனினும் இரண்டும் ஒரே எடுகோளிலிருந்தே புறப்படுகின்றன: மதிலுக்கு அப்பால் சமுதாயம் இல்லை என்பதே அவ்வெடுகோள். இவ்வெடுகோள் தவறானது எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மதிலுக்குள்ளும் உழைப்பு உண்டு, சொத்து உண்டு, சீதனம் உண்டு, சாதியும் வர்க்கமும் நுழைய முயன்ற வரலாறு உண்டு, அவற்றை எதிர்த்தவர்களின் வரலாறும் உண்டு.

2

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நமது மக்களின் வழக்கிற் 'கன்னியர் மடம்' என்பது பெரும்பாலும் பாடசாலையைக் குறிக்கும். திருகோணமலை 1893ஆம் ஆண்டு தனி மறைமாவட்டமாக்கப்பட்டது. இயேசு சபையினரின் பொறுப்பில் அமைந்த இம்மறைமாவட்டத்தில், ஏனைய இடங்களிற் போலவே, கல்வியே திருச்சபையின் முதன்மையான சமூகப் பணியாயிற்று. குடியேற்றவாத அரசு உதவி நன்கொடை வழங்கிய பாடசாலை முறைமையில், கற்பிக்கும் கன்னியர் இன்றியமையாதோராயினர். 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பெரும்பாலான உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னரும், 'சிஸ்டர்' என்ற சொல் நம் மக்கள் மனத்தில் எழுப்புவது ஓர் ஆசிரியையின் உருவத்தையே.

இவர்கள் செயற்பணிச் சபையினர். தியான வாழ்வுச் சபையினர் இவர்களினின்றும் வேறானவர். கார்மேல் சபைப் பெண்களும் அசிசி நகர்க் கிளாராவின் வழிவந்த ஏழைக் கிளாரா சபைப் பெண்களும் இவர்களுட் பரவலாக அறியப்பட்டோர். பாடசாலை நடத்தாத, மருத்துவமனை நடத்தாத இத்தகைய மடங்கள் குடியேற்ற நாடுகளில் எதற்கு என்ற ஐயம் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. 1926ஆம் ஆண்டு பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகள் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், அந்நாடுகளிலும் தியான மடங்கள் நிறுவப்படல் வேண்டுமென வலியுறுத்தவேண்டியிருந்தமை இதற்குச் சான்றாகும். அடுத்த ஆண்டு, லிசியே நகரின் கார்மேல் மடத்தை விட்டு வெளியேறாமலே 1897இல் தமது 24ஆம் வயதிற் காலமான தெரேசாள், மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார்.

ஆயினும் மடத்தின் மதில் வரலாற்றுக்கு வெளியே எழுப்பப்பட்டதன்று. அதே லிசியே மடத்திலிருந்து சென்ற பெண்கள் சைகோனில் ஒரு கார்மேல் மடத்தை நிறுவியது 1861இல். பிரெஞ்சுக் கடற்படை சைகோனைக் கைப்பற்றியது 1859இல். போர்க்கப்பல் திறந்த துறைமுகத்தின் வழியாகவே மௌனத்தைப் பேணும் மடமும் சென்றது. அப்பெண்களின் நம்பிக்கையை ஐயுறாமலே இத்தொடர்பை நாம் கூறலாம்.

3

'அடைப்பு' எனப்படும் ஒழுங்கு, துறவின் இயல்பான பகுதியென்றே பலர் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1298ஆம் ஆண்டு பாப்பரசர் எட்டாம் பொனிபாசு வெளியிட்ட ஆணையே துறவுப் பெண்கள் அனைவருக்கும் நிரந்தர அடைப்பைப் பொது விதியாக்கியது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் அதனை மீண்டும் கடுமையாக வலியுறுத்தியது. ஆண் துறவியர் ஊர் ஊராகச் சென்று போதிக்கலாம், இரந்து உண்ணலாம். பெண் துறவியரோ மதிலுக்குள் இருத்தல் வேண்டும். குடும்பத்தின் மானமும் சொத்தின் வழியுரிமையும் பெண்ணின் உடலோடு பிணைக்கப்பட்டிருந்த நிலவுடைமைச் சமுதாயத்தின் அச்சமே இவ்விதியிற் சட்ட வடிவம் பெற்றது எனல் தகும்.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தோன்றாதிராது. நமது பழைய மரபிற் பெண் துறவி நடமாடுபவள். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகக் காவிரிக் கரையிலிருந்து மதுரை வரை நடந்தார். மணிமேகலை அமுதசுரபி ஏந்தி ஊர்த்தெருக்களிற் சென்றாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இவை காப்பியக் கற்பனைகள் எனத் தள்ளிவிட முடியாதபடி கல்வெட்டுச் சான்றும் உண்டு. கழுகுமலைக் கல்வெட்டுகளிற் சமணப் பெண் துறவியர் 'குரத்தியார்' என்ற சிறப்புப் பெயரோடு இடம்பெறுகின்றனர். வேடல் என்னும் ஊரின் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்பவரையும் அவரைச் சார்ந்த 500 மாணாக்கரையும் குறிப்பிடுகின்றது. பெண் துறவி ஆசிரியையாகவும் விளங்கினாள் என்பதே இதன் பொருள்.

எனவே துறவு வேறு, அடைப்பு வேறு. துறவு பெண்ணின் தெரிவாயிருக்கலாம். அடைப்பு, அத்தெரிவுக்கு ஆணாதிக்கச் சமுதாயம் விதித்த நிபந்தனை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றி மடத்தின் அன்றாட வாழ்க்கையை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

4

அவ்வன்றாட வாழ்க்கை எத்தகையது? 1562ஆம் ஆண்டு ஸ்பானியாவின் ஆவிலா நகரிற் தெரேசா என்னும் துறவி நிறுவிய சீர்திருத்தக் கார்மேல் மடத்தின் ஒழுங்கே இன்றுவரை உலகெங்குமுள்ள கார்மேல் மடங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக விளங்குகின்றது. நேரங்கள் மடத்துக்கு மடம் சிறிது வேறுபடினும் நாளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே.

வைகறை ஐந்து மணியளவில் மணி ஒலிக்கும். எழுந்தவுடன் சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் மௌனத் தியானம். பின்னர் காலைப் புகழ்ச் செபம், அதன்பின் திருப்பலி. காலையுணவு பேச்சின்றியே உண்ணப்படும். அதன்பின் நண்பகல் வரை வேலை. சமையல், துணி துவைத்தல், தோட்டம், தையல், திருப்பலிக்கான அப்பம் சுடுதல், பூசை உடைகளுக்குப் பூவேலை செய்தல், மெழுகுதிரி வார்த்தல் என்பன வழக்கமான வேலைகள். நண்பகலில் மனச்சான்றைச் சோதிக்கும் சிறு செபம். பின் உணவறையில் அனைவரும் மௌனமாக உண்ண, ஒருவர் நூலொன்றை உரக்க வாசிப்பார். உணவில் இறைச்சி இல்லை. செப்டெம்பர் 14இலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை நோன்பு.

உணவின் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசலாம், சிரிக்கலாம். மாலையிலும் இத்தகைய ஒரு வேளை உண்டு. பேச்சு நடக்கும்போதும் கைகள் தையலிலோ பின்னலிலோ ஈடுபட்டிருக்கும். பிற்பகலில் மீண்டும் வேலை, மாலைப் புகழ், மீண்டும் ஒரு மணி நேரத் தியானம், இரவுணவு, இறுதிச் செபம். இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையிற் படுக்கை. ஏழைக் கிளாரா சபையின் சில கிளைகளில் நள்ளிரவிலும் எழுந்து செபிப்பர்.

வெளியுலகோடு தொடர்பு மூன்று வாயில்களினூடாக நிகழ்ந்தது. சந்திப்பறையின் கம்பியழி ஒன்று. உறவினர் அதற்கப்பால் அமர்ந்து பேசுவர். சுவரிற் பொருத்தப்பட்ட சுழல்பெட்டி மற்றொன்று. வெளியே வைத்த மரக்கறியும் கடிதமும் பெட்டி சுழன்றதும் உள்ளே வரும், வைத்தவரும் எடுத்தவரும் ஒருவரையொருவர் காணார். கடைக்கும் தபாலகத்துக்கும் சென்றுவரும் வெளிப்பணிச் சகோதரிகள் மூன்றாவது வாயில். உள்ளிருப்போரின் மௌனம், வெளியே சென்றுவருவோரின் கால்களிலே தங்கியிருந்தது.

இவ்வொழுங்கில் இரண்டு செய்திகள் நமது கவனத்துக்குரியன. முதலாவது, மணி பற்றியது. இயந்திர யுகத்தின் தொடக்கம் நீராவி இயந்திரத்தில் அன்று, மடத்து மணிக்கூட்டில் உள்ளது என லூயிஸ் மம்ஃபோர்ட் 1934இல் வாதிட்டார். தொழிற்சாலை முதலாளித்துவம் உழைப்பாளரின் கால உணர்வையே மாற்றியமைத்த விதத்தை ஆங்கிலேய மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் விரிவாக ஆராய்ந்தார். நாளைச் சம கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் ஒரு கடமைக்கு ஒதுக்கி, மணி ஒலித்ததும் கைவேலையை அரைகுறையாக விட்டெழும் ஒழுக்கம் மடத்தில் முதிர்ந்தது. பின்னர் முதலாளி அதனைக் கையேற்றான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மடத்து மணி வேலையைத் தொடங்கிவைப்பதோடு நிறுத்தியும் வைக்கின்றது. எவ்வளவு செய்து முடித்தாய் என்று கேளாமலே அது வேலையை நிறுத்துகின்றது. உபரியைப் பெருக்குவது அவ்வுழைப்பின் நோக்கமன்று. தொழிற்சாலைச் சங்கு இப்பண்பை ஏற்கவில்லை.

இரண்டாவது செய்தி, அதிகாரம் பற்றியது. மடத்துத் தலைவி மூன்றாண்டுக்கு ஒருமுறை இரகசிய வாக்கெடுப்பினாற் தெரிவு செய்யப்படுகின்றாள். புதியவளைச் சேர்ப்பதா என்பதையும் துறவியர் வாக்கே தீர்மானிக்கும். கூட்டும் முறைப்பட்டியலில் முதற் பெயர் தலைவியினதாதல் வேண்டும் எனத் தெரேசா விதித்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அரசுகள் பொதுவாகப் பெண்ணின் வாக்கைக் கேட்டதில்லை. இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1931இல். ஆயினும் இத்தெரிவுரிமைக்கு மேலே ஆயரும் உரோமும் நின்றனர் என்பதையும், ஆயர் பதவியிலும் பாப்பரசர் பதவியிலும் பெண்கள் ஒருபோதும் அமர்ந்ததில்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

5

இனி வர்க்கம் பற்றிய வினாவுக்கு வருவோம். ஆவிலாவின் தெரேசா தமது சீர்திருத்தத்தைத் தொடங்குமுன் வாழ்ந்த மடத்திற் செல்வக் குடும்பத்துப் பெண்கள் தமக்கென அறைத்தொகுதிகளையும் பணிப்பெண்களையும் கொண்டிருந்தனர். குலப்பெருமை கூறும் பட்டங்கள் மடத்துக்குள்ளும் வழங்கின. தெரேசா தமது புதிய மடத்தில் அப்பட்டங்களைத் தடைசெய்தார். 13 பெண்களே ஒரு மடத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவரது முதல் எண்ணம். பின்னர் இவ்வெண் 21 ஆகியது. சீதனமின்றி வந்த பெண்களையும் அவர் ஏற்றார். இதற்கு ஒரு சமூகப் பின்னணி உண்டு. அவருடைய பாட்டனார் யூத மரபிலிருந்து கிறித்தவரானவர். 1485இல் தொலேதோ நகரிற் சமய விசாரணை மன்றத்தின் தண்டனைக்குள்ளானவர். 'இரத்தத் தூய்மை' என்ற பெயரிற் பிறப்பை ஆராய்ந்த சமுதாயத்தில், பிறப்பை வினவாத ஒரு மடத்தை அவர் அமைக்க முயன்றமை தற்செயலன்று.

எனினும் முரண்பாடு மதிலுக்குள் வேறொரு வடிவிற் தொடர்ந்தது. துறவுப் பெண்கள் இரு வகையினராக இருந்தனர். இலத்தீன் மொழியிற் செபங்களைப் பாடுவோர் முதல் வகையினர். கறுப்பு முக்காடும் வாக்குரிமையும் அவர்களுக்கு உரியன. சமையலும் கடின வேலையும் செய்வோர் இரண்டாம் வகையினர். வெள்ளை முக்காடு அணிந்த இவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இலத்தீன் அறியாமையால் அவர்கள் குறித்த எண்ணிக்கையிற் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற செபத்தைச் சொல்லிக்கொள்வர். மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையிலான பிரிவு, முக்காட்டின் நிறமாக வெளிப்பட்டது. மொழியறிவே இப்பிரிவுக்குரிய கருவி என்பது இலக்கிய மாணவர் சிந்திக்கற்பாலது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இப்பிரிவைக் களையுமாறு பணித்தது. வழிபாடு தாய்மொழிகளுக்கு மாறியதும் இதே காலத்திலாகும். பிரிவைத் தாங்கிநின்ற மொழித்தடை அகன்றபோது, பிரிவும் தன் நியாயத்தை இழந்தது.

சீதனம் பற்றியும் கூறுதல் வேண்டும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடைபட்ட மடத்திற் சேரும் பெண் சீதனம் கொண்டுவருதல் வேண்டுமென விதித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. சீதனம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நமது சமுதாயத்தார் திருமணத்தை நினைப்பர். கிழக்கிலங்கையின் பல பகுதிகளில் மகளுக்கு வீடும் வளவும் கொடுத்தே மணம் முடிப்பர். மூன்று பெண் மக்களைப் பெற்ற தோணித் தொழிலாளியின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் மூன்று வீடுகளாகவே கழியும். அவர்களுள் ஒருத்தி துறவு பூண்பாளாயின், அவளது பங்கு தங்கையின் வீட்டுச் சுவராக எழும். எனவே 'இறையழைத்தல்' எனப்படுவது ஒரு தனிப்பெண்ணின் உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று. குடும்பத்தின் வரவு செலவிலும் அஃது எதிரொலிக்கின்றது. இதனைக் கூறுவதால் அப்பெண்ணின் நேர்மையை நாம் குறைத்துவிடவில்லை. அவளுக்குத் திறந்திருந்த கதவுகள் எத்தனை என்றே கேட்கின்றோம். மணவீடு, மடம் என்ற இரண்டே கதவுகள் திறந்திருந்த ஒரு சமுதாயத்தில், ஒருத்தி இரண்டாவதைத் தெரிந்தெடுத்தாளாயின், 'ஓடியொளிந்தாள்' என அவளைக் குற்றஞ் சாட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

6

இவையனைத்தும் தூரதேசத்துச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் ஈழத்தமிழ் மண்ணிலேயே தியான வாழ்வுச் சபையொன்று பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வசாவிளான் பகுதியை அடுத்த தோலகட்டியில் 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் செபமாலைத் தாசர் சபை தொடங்கியது. அதனை நிறுவியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தமிழ்க் குருவான பஸ்தியாம்பிள்ளை அந்தோனி தோமஸ் அடிகள் (1886–1964). அப்போது யாழ்ப்பாண ஆயராக இருந்தவர் அல்பிரட் கியோமார் ஆண்டகை. முன்னர் குறிப்பிட்ட 1926ஆம் ஆண்டுச் சுற்றுமடலே இதற்குத் தூண்டுதலாயிற்று. முதலில் ஆண்களுக்காகத் தொடங்கிய இச்சபை, பின்னர் பெண்களுக்கான கிளையையும் பெற்றது.

ஐரோப்பிய மடத்தின் படியாக இஃது அமையவில்லை. இரவும் பகலும் இடையறாது, ஒருவர் பின் ஒருவராக முறைவைத்து நற்கருணையின் முன் செபமாலை சொல்லுதல் இச்சபையின் மையமாகும். மரக்கறியுணவு, மௌனம், உடலுழைப்பு ஆகியன நமது நாட்டு ஆச்சிரம மரபோடு இயைந்தவை. மக்களும் அதனை 'ஆச்சிரமம்' என்றே அழைத்தனர். திராட்சைத் தோட்டமும், பூசைக்கான திராட்சை இரசமும், வீடுகளுக்கு வாங்கிச் செல்லப்பட்ட நெல்லி இரசமும் தோலகட்டியின் பெயரைக் கத்தோலிக்கரல்லாதோரும் அறியச் செய்தன.

செபமாலை இங்கு மையமானதன் சமூகப் பொருள் ஆழ்ந்து நோக்கற்பாலது. செபமாலையின் 150 மங்கள வார்த்தைச் செபங்கள், எழுத்தறியாதோர் 150 திருப்பாடல்களுக்கு ஈடாகச் சொல்வதற்கென வளர்ந்தவை என்பது பொதுவான கருத்து. ஐரோப்பிய மடத்தில் இலத்தீன் அறியாத பணிச்சகோதரிக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட வகைச் செபமே தோலகட்டியில் அனைவருக்கும் உரிய முதற் செபமாயிற்று. அதற்கு இலத்தீன் வேண்டா, ஏடு வேண்டா, தாய்மொழி போதும். கற்றவனும் கல்லாதவனும் ஒரே மணிகளை ஒரே வகையாக எண்ணினர். மொழியால் எழுந்த படிநிலை தோலகட்டியில் தொடக்கத்திலேயே வலுவிழந்தது என்பது எமது கருத்தாகும்.

அதனினும் முக்கியமானது சாதி பற்றிய செய்தி. 1920களின் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கோயில்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. கிறித்தவ ஆலயங்களிலும் சாதிக்கேற்ற இருக்கைப் பிரிவுகள் நிலவின. உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென ஆணை பிறந்தபோது, 1930ஆம் ஆண்டளவில் எதிர்ப்பு மூண்டு பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. ஒரே வாங்கில் பிள்ளைகள் அமர்வதைப் பொறுக்காத அச்சமுதாயத்திலேதான், வெவ்வேறு சாதிகளிற் பிறந்தோரும் தமிழரும் சிங்களவரும் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பாத்திரத்தில் ஆக்கியதை ஒரே பந்தியில் உண்ணும் ஒழுங்கைத் தோமஸ் அடிகள் வகுத்தார். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மேடைகளிலும் சமபந்தி போசனங்களிலும் முன்வைத்த கோரிக்கை, தோலகட்டியில் நாள்தோறும் மூன்று வேளையும் நடந்த உணவாயிற்று.

இச்சமத்துவத்தின் எல்லையையும் நாம் கூறாதிருத்தல் தகாது. ஆதிக் கிறித்தவர்களிடையே நிலவிய பொதுவுடைமை, உற்பத்தியைச் சார்ந்ததன்று, நுகர்வைச் சார்ந்ததே எனக் கார்ல் கௌட்ஸ்கி 1908இல் எடுத்துக்காட்டினார். மடத்தில் நுகர்வோடு ஓரளவு உற்பத்தியும் பொதுவாகின்றது. ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் விலை பெரிது. குடும்பம் இல்லை, பிள்ளைகள் இல்லை, தனிச் சொத்து இல்லை. சாதியைத் தலைமுறைதோறும் பிறப்பிப்பது அகமணமே. மணமே இல்லாத இடத்திற் சாதி தானே பட்டுப்போகும். மணம் நிகழும் ஊரில் அஃது அவ்வாறே தொடரும். எனவே மடத்தின் சமபந்தி மதிலைத் தாண்டி ஊருக்குட் செல்லவில்லை. இது மடத்தின் குறை மட்டுமன்று. சாதியை அதன் வேரில் எதிர்கொள்ளாது, விளிம்பிற் சில தூய இடங்களை அனுமதித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் சமுதாயத்தின் தந்திரமுமாகும்.

மதில் மௌனத்தைக் காக்கலாம், போரைத் தடுக்காது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது வசாவிளான் பகுதியும் மக்களற்றதாகிப் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டது. உலகைத் துறந்தோரும் உலகத்தவரைப் போலவே இடம்பெயரவேண்டியதாயிற்று.

7

இன்று இவ்வாழ்க்கை எந்நிலையில் உள்ளது? ஐரோப்பாவின் அடைபட்ட மடங்கள் பல வெறுமையாகி வருகின்றன. 2016இல் பாப்பரசர் பிரான்சிசு தியான வாழ்வுப் பெண்கள் பற்றி வெளியிட்ட ஆவணம், மடத்தின் உயிரை நீடிப்பதற்காக மட்டும் பிற நாடுகளிலிருந்து பெண்களைச் சேர்ப்பதை முற்றாகத் தவிர்க்குமாறு கூறுகின்றது. விலக்கப்படும் அளவுக்கு அவ்வழக்கம் பரவியிருந்தது என்பதே இதன் பொருள். ஏழை நாடுகளின் பெண்கள் செல்வ நாடுகளின் முதியோரைப் பராமரிக்கச் செல்லும் பெருவழியில் மடமும் ஒரு தரிப்பிடமாயிற்று. 2018ஆம் ஆண்டின் செயல்முறை ஆவணம், நிலையான வார்த்தைப்பாடு கொடுத்தோர் ஐவராகக் குறைந்த மடம் தன் தலைவியைத் தானே தெரிவுசெய்யும் உரிமையை இழக்கும் என விதித்துள்ளது. ஐரோப்பியப் பெண்களுக்கு இன்று கல்வியும் தொழிலும் சொத்துரிமையும் உண்டு; மூன்றாவது, நான்காவது கதவுகள் திறந்தபின் இரண்டாவது கதவினூடாகச் செல்வோர் குறைந்தனர். அவ்வாறு குறைந்த பின்னரும் சிலர் அதனூடாகவே செல்கின்றனர் என்பதையும் நேர்மையான ஆய்வாளன் ஏற்றல் வேண்டும். வறுமையும் சீதனமும் அனைத்தையும் விளக்கிவிடுவதில்லை. அளந்து விற்கப்படாத நேரமொன்றை நாடும் வேட்கை முதலாளித்துவ சமுதாயத்திற் பெருகுகின்றதேயன்றிக் குறையவில்லை. அவ்வேட்கையைச் சமயம் ஒருவகையில் நிறைவேற்றுகின்றது; நாம் அதற்கு என்ன விடை கூறுகின்றோம் என்பது வேறு வினா.

மடத்து வாழ்க்கையை ஆராய்வதிற் தமிழ் ஆய்வுலகத்துக்கு உடனடியான கடமை ஒன்று உண்டு. தோலகட்டியின் தொடக்க காலச் சூழலை நேரில் அறிந்தோரிடம் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் முதுமையடைந்துவிட்டனர். பெண் துறவியரின் நினைவுகள் இன்னும் குறைவாகவே எழுத்தில் ஏறியுள்ளன. எந்தக் குடும்பத்திலிருந்து வந்தார்கள், எவர் தடுத்தார்கள், எவர் அனுப்பினார்கள், முதல் நாட் பந்தியில் யாருக்கு அருகில் அமர்ந்தார்கள், அப்போது அவர்களுடைய மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பவற்றை அவர்களே கூறல் வேண்டும். பல்கலைக்கழக மாணவியர் இதனை மேற்கொள்வாராயின், சாதி பற்றிய நமது வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஓர் அத்தியாயம் எழுதப்படும்.

இறுதியாக ஒன்று. மடத்துச் சமத்துவம் மதிலோடு நின்றுவிட்டது என மேலே கூறினோம். முற்போக்காளராகிய நமது சமத்துவம் எங்கே நின்றுவிடுகின்றது? கூட்டத்திற் சாதியொழிப்புப் பேசி வீடு திரும்பும் தோழரின் வீட்டில், அவருடைய தாயோ மனைவியோ யாருக்கு எந்தக் குவளையிற் தேநீர் கொடுக்கின்றாள்? அவருடைய மகளின் திருமணப் பேச்சில் முதலில் விசாரிக்கப்படுவது எது? கூட்டம் முடிந்தபின் பாய்களைச் சுருட்டி வைப்போரும் கோப்பைகளைக் கழுவுவோரும் யாவர்? கூட்டும் முறைப்பட்டியலில் தலைவியின் பெயரை முதலில் எழுதிய ஒழுங்கு, நமது சங்கங்களின் யாப்பில் இன்னும் இடம்பெறவில்லை. மதிலுக்குள் வாழ்ந்தோரை விமரிசிக்கும் உரிமை நமக்கு உண்டு. மதிலற்ற ஊரில் அதே பந்தியை விரித்துக் காட்டும் பொறுப்பும் அவ்வுரிமையோடு நம்மைச் சாருகின்றது.